24 போர்ட் சுவிட்ச்சில் விலேன் பிரித்த பிறகு: கீழே தவறான ஐபி, கேமராக்களுக்கு 169.254, மாடியில் கெஸ்ட் வைஃபை இல்லை

பேட்ச்கார்டு எழுதியது:

வணக்கம். இரண்டு தளம் உள்ள ஓர் அலுவலகம். இதுவரை எல்லாம் ஒரே நெட்வொர்க். அதை விலேன் (ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை) மூலம் மூன்றாகப் பிரிக்கிறேன்: விலேன் 10 அலுவலகக் கணினிகள், விலேன் 20 சிசிடிவி, விலேன் 30 வருபவர்களுக்கான வைஃபை. முறையே 192.168.10.0/24, 20.0/24, 30.0/24.

கீழ்த்தளத்தில் 24 போர்ட் பிஓஇ (கேபிள் வழியே மின்சாரமும் தரும்) ஸ்மார்ட் சுவிட்ச். கமாண்ட் லைன் கிடையாது, பிரவுசர் வழியாகத்தான் செட்டிங். போர்ட் 1 ரவுட்டருக்குப் போகிறது. 2 முதல் 8 வரை கணினிகள், 9 முதல் 18 வரை பத்து கேமராக்கள், 19 என்விஆர் (கேமரா வீடியோவைப் பதியும் பெட்டி), 22 ஆக்சஸ் பாயிண்ட், 24 மாடிக்கு. மாடியில் சிஸ்கோ 2960. அதில் கிக் 0/1 கீழிருந்து வரும் கேபிள், ஃபாஸ்ட் 0/1 முதல் 12 வரை கணினிகள், 0/20 இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட். ரவுட்டர் மைக்ரோடிக். அதன் பிரிட்ஜ் மேல் மூன்று விலேன் இன்டர்ஃபேஸ் போட்டு, ஒவ்வொன்றுக்கும் டிஹெச்சிபி சர்வர் (ஐபியைத் தானாகக் கொடுப்பது) வைத்திருக்கிறேன்.

இப்போதைய நிலை:

கீழ்க் கணினிகளுக்கு (2–8) 192.168.10.x வராமல் 192.168.88.x வருகிறது. கேமரா போர்ட்டில் லேப்டாப்பைச் செருகினால் 169.254 (டிஹெச்சிபி பதில் வராதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும் முகவரி) மட்டும்தான். என்விஆரில் ஒரு கேமராவும் தெரியவில்லை. மாடிக் கணினிகளுக்கு நேற்று வரை 192.168.10.x சரியாகக் கிடைத்தது. கெஸ்ட் வைஃபைக்காக மாடி சுவிட்ச்சின் டிரங்க்கில் (பல விலேன்கள் ஒரே கேபிளில் போகும் இணைப்பு) விலேன் 30 சேர்த்ததும் அதுவும் போய்விட்டது. மாடியில் கெஸ்ட் வைஃபையும் வரவில்லை.

ஸ்மார்ட் சுவிட்ச்சின் விலேன் பக்கத்தில் 2–8 போர்ட்களை விலேன் 10-ல் அன்டேக்டு என்று வைத்தேன். 9–19 போர்ட்களை விலேன் 20-ல் அன்டேக்டு வைத்து, விலேன் 1-லிருந்து எடுத்துவிட்டேன். 1-ம் 24-ம் 10, 20, 30 மூன்றிலும் டேக்டு. போர்ட் 7-ல் மேசைக்கு அடியில் ஒரு சாதாரண 5 போர்ட் சுவிட்ச் இருக்கிறது. அதில் இரண்டு கணினியும் ஒரு கேமராவும். சுவிட்ச்களை நிர்வகிக்க விலேன் 99 தனியாக வைக்கும் எண்ணமும் இருக்கிறது. எங்கே தவறு?

நீலவயர் பதில்:

நீங்க விவரமா எழுதினதுல பதில் பாதி அதுலயே இருக்கு. முதல்ல ரவுட்டரை விடுங்க. மாடிக்கு நேத்து 10.x கிடைச்சிருக்குன்னா ரவுட்டர்ல விலேன் 10, டிஹெச்சிபி, போர்ட் 1, போர்ட் 24 நாலும் சரி. கோளாறு கீழ் சுவிட்ச்ல, அதுவும் பிவிஐடி பக்கத்துல.

ஒரு போர்ட் ரெண்டு முடிவு எடுக்குது. உள்ளே வர்ற ஃபிரேம்ல (டேட்டா துண்டு) டேக், அதாவது விலேன் எண், இல்லேன்னா அதை எந்த விலேன்ல போடணும்? அதைச் சொல்றது பிவிஐடி. வெளியே போற ஃபிரேம்ல டேக்கை வச்சு அனுப்பணுமா, கழட்டி அனுப்பணுமா? அதைச் சொல்றதுதான் டேக்டு, அன்டேக்டு. சிஸ்கோவுல ஆக்சஸ் விலேன் 10-ன்னு ஒரே வரி ரெண்டையும் சேர்த்துச் செஞ்சிடும். பிரவுசர்ல செட் பண்ற சுவிட்ச்கள்ல இது ரெண்டு தனித்தனிப் பக்கம். நீங்க ரெண்டாவது முடிவை மட்டும் மாத்தியிருக்கீங்க, எல்லா போர்ட்லயும் பிவிஐடி இன்னும் 1-லயே நிக்குது.

உங்க ரெண்டு அறிகுறியும் இதை அப்படியே காட்டுது. 2–8 போர்ட்கள் விலேன் 10-லயும் அன்டேக்டு, விலேன் 1-லயும் அன்டேக்டு. கணினி அனுப்புற டிஹெச்சிபி கோரிக்கை பிவிஐடி 1 வழியா விலேன் 1-க்குப் போகுது, போர்ட் 1-ல டேக் இல்லாம ரவுட்டருக்குப் போகுது, மைக்ரோடிக்கோட பழைய 88 நெட்வொர்க் பதில் சொல்லுது. கணினி இன்னும் விலேன் 1-ல உறுப்பினர்ங்கறதால அந்தப் பதில் வந்து சேருது. 9–19 போர்ட்கள்ல விலேன் 1-ஐ எடுத்துட்டீங்க. அங்கேயும் கோரிக்கை விலேன் 1-க்குத்தான் போகும், ஆனா பதில் திரும்பி வர வழி இல்ல. இன்கிரஸ் ஃபில்டரிங் (போர்ட் உறுப்பினரா இல்லாத விலேன் ஃபிரேமை உள்ளே விடாதது) இருந்தா கோரிக்கையே வாசல்ல நின்னுடும். எப்படியும் 169.254-தான்.

செய்ய வேண்டியது:

பிவிஐடி பக்கத்துல 2–8-க்கு 10, 9–19-க்கு 20 போட்டு அப்ளை பண்ணுங்க. அப்புறம்தான் விலேன் 1 உறுப்பினர் பக்கத்துக்குப் போய் 2–8-ஐ எடுக்கணும். இந்த வரிசை முக்கியம். சில சுவிட்ச்கள்ல பிவிஐடி 1-ஆ இருக்கும்போது விலேன் 1-லிருந்து எடுக்கவே விடாது. முடிஞ்சதும் உதாரணத்துக்குப் போர்ட் 9-ஐப் பார்த்தா இப்படி இருக்கணும்: விலேன் 20 அன்டேக்டு, மத்த எல்லா விலேனிலும் உறுப்பினர் இல்லை, பிவிஐடி 20. ஒரு கணினியோ கேமராவோ செருகுற போர்ட் ஒரே ஒரு விலேன்லதான் அன்டேக்டா இருக்கணும்.

விலேன் 1-லிருந்து எடுக்காம விட்டாலும் பிவிஐடி சரியா இருந்தா ஐபிவி4 ஓடும், அதனால நிறைய பேர் விட்டுடறாங்க. விடாதீங்க. விலேன் 1-ல வர்ற பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் எல்லாம் அந்தக் கணினிக்கும் வந்து சேரும். ஐபிவி6 இருந்தா ரவுட்டர் அறிவிப்பு ரெண்டு விலேனிலிருந்தும் வரும், கணினி ரெண்டு முகவரி எடுத்துக்கும், பாதி தளங்கள் திறக்காம தொங்கும்.

போர்ட் 7 விஷயம்: சாதாரண சுவிட்ச்சுக்கு விலேன் தெரியாது. அதுல இருக்கிற எல்லாமே போர்ட் 7 எந்த விலேனோ அந்த விலேன்தான். அந்தக் கேமராவுக்குத் தனி கேபிள் இழுங்க, இல்லேன்னா அந்த இடத்துல ஒரு 5 போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச் வைங்க. போர்ட் 7-ஐ 10, 20 ரெண்டுலயும் அன்டேக்டு போட்டுச் சமாளிக்கலாம்னு தோணும், வேலை செய்யாது. பிவிஐடி ஒண்ணுதான் இருக்க முடியும்.

இன்னொண்ணு. உங்க சுவிட்ச் மெனுவுல டிரங்க்னு ஒரு பக்கம் இருந்தா போர்ட் 24-ஐ அதுல சேர்த்துடாதீங்க. பல கம்பெனி சுவிட்ச்கள்ல, அரூபா வகையிலும், டிரங்க்னா ரெண்டு மூணு கேபிளை ஒண்ணாக் கட்டுற லிங்க் அக்ரிகேஷன். சிஸ்கோக்காரங்க சொல்ற டிரங்க் இங்க டேக்டு போர்ட்.

கன்சோல்9600 பதில்:

மாடி சுவிட்ச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே இரண்டு தனித் தவறுகள் இருக்க வேண்டும்.

முதலாவது, நீங்கள் அடித்த வரி பெரும்பாலும் "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் 30" என்றுதான் இருக்கும். அது பட்டியலில் 30-ஐச் சேர்க்காது. பட்டியலையே அழித்துவிட்டு 30-ஐ மட்டும் வைக்கும். 10 போனது அதனால்தான். சேர்க்க வேண்டுமென்றால் "ஆட்" என்ற சொல் நடுவில் வர வேண்டும்: "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் ஆட் 30". தொலைவிலிருந்து வேலை செய்யும்போது இந்த ஒரு சொல்லை விட்டால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இணைப்பே அறுந்துவிடும். இப்போது கிக் 0/1-ல் "அலவ்டு விலேன் 1,10,30,99" என்று முழுப் பட்டியலையும் ஒரே வரியில் கொடுத்துவிடுங்கள். மாடியில் கேமரா இல்லாததால் 20 அங்கே போக வேண்டியதில்லை. கீழே போர்ட் 24-லும் 20-ஐ எடுத்துவிடலாம்.

இரண்டாவது, விலேன் 30 அந்த சுவிட்ச்சில் உருவாக்கப்படவே இல்லை. ஒரு போர்ட்டை ஆக்சஸ் விலேன் 10 என்று வைக்கும்போது அந்த விலேன் இல்லையென்றால் சிஸ்கோ தானாகவே உருவாக்கிக்கொள்ளும். மாடியில் 10 ஓடியதற்கு அதுவே போதுமானது. டிரங்க்கில் அனுமதிப்பது அப்படியல்ல. அது பட்டியல் மட்டுமே, விலேனை உருவாக்காது. மாடியில் 30-ல் எந்த ஆக்சஸ் போர்ட்டும் இல்லை, அதனால் 30 தரவுத்தளத்தில் இல்லை, அதனால் அந்த டேக்கோடு வரும் ஃபிரேம்களை சுவிட்ச் கீழே போட்டுவிடும். கான்ஃபிக் மோடில் "விலேன் 30" என்று அடித்து ஒரு பெயர் கொடுங்கள். 99-க்கும் அதையே செய்யுங்கள்.

இதை ஊகிக்க வேண்டாம், "ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்" அடித்துப் பாருங்கள். நான்கு அடுக்காக வரும். முதல் அடுக்கில் மோட், என்கேப்சுலேஷன், டிரங்க்கிங் நிலை, நேட்டிவ் விலேன் (டிரங்க்கில் டேக் இல்லாமல் போகும் விலேன்). இரண்டாவதில் நீங்கள் அனுமதித்தவை. மூன்றாவதில் அனுமதித்தவற்றுள் உண்மையில் உருவாக்கப்பட்டு உயிரோடு இருப்பவை. நான்காவதில் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் லூப் வராமல் தடுப்பது) கடத்துபவை. இரண்டாவதில் 30 இருந்து மூன்றாவதில் இல்லையென்றால் விலேன் உருவாக்கப்படவில்லை. மூன்றாவதில் இருந்து நான்காவதில் இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்பானிங் ட்ரீ அடைத்திருக்கிறது. விலேன் கோளாறுகளில் என் கை முதலில் போவது இந்த ஒரு கமாண்டுக்குத்தான்.

ஃபாஸ்ட் 0/20, அதாவது மாடி ஆக்சஸ் பாயிண்ட் போர்ட்டும் டிரங்க்காக இருக்க வேண்டும். ஆக்சஸ் பாயிண்டின் நிர்வாக முகவரி டேக் இல்லாமல் வரும், ஒவ்வொரு வைஃபை பெயரும் அதனதன் டேக்கோடு வரும். 2960-ல் "என்கேப்சுலேஷன் டாட்1கியூ" என்ற வரி ஏற்காது. அது ஐஎஸ்எல்லும் (சிஸ்கோவின் பழைய டேக் முறை) தெரிந்த 3560, 3750 போன்றவற்றுக்கு. பிழை வந்தால் பயப்படாமல் அடுத்த வரிக்குப் போங்கள்.

நேட்டிவ் விலேன்: இரண்டு முனையும் இப்போது 1 என்பதால் பொருந்துகிறது. ஒரு முனையை மட்டும் மாற்றினால் டேக் இல்லாத ஃபிரேம் ஒரு விலேனில் புறப்பட்டு வேறு விலேனில் இறங்கும். இரண்டு பக்கமும் சிஸ்கோவாக இருந்தால் சிடிபி (சிஸ்கோ கருவிகள் ஒன்றையொன்று அறியும் முறை) திரையில் எச்சரிக்கை போடும். உங்கள் கீழ் சுவிட்ச் சிடிபி பேசாது என்றால் எந்த எச்சரிக்கையும் வராது, ஆகவே சிஸ்கோவின் நேட்டிவ் எண்ணும் கீழே போர்ட் 24-ன் பிவிஐடியும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

ராக்யூனிட் பதில்:

மேலே சொன்ன இரண்டையும் செய்தபின் டேக் உண்மையிலேயே கேபிளில் போகிறதா என்று பார்க்க ஒரு வழி. லினக்ஸ் லேப்டாப்பை டேக்டு போர்ட் ஒன்றில் செருகி வயர்ஷார்க்கைத் (கேபிளில் வருவதைக் காட்டும் மென்பொருள்) திறங்கள். சேரும் முகவரி 6 பைட், அனுப்பும் முகவரி 6 பைட், அதற்கு அடுத்த நான்கு பைட் 81 00 00 14 என்று இருந்தால் அது விலேன் 20. 81 00 என்பது 802.1கியூ அடையாளம், 14 என்பது பதினாறடிமானத்தில் 20. டேக் இல்லாத ஐபிவி4 ஃபிரேமில் அதே இடத்தில் நேராக 08 00 வரும். விண்டோஸ் லேப்டாப்பில் இதைச் செய்து டேக் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலான நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் மேலே கொடுக்கும்.

அந்த நான்கு பைட்டில் விலேன் எண்ணுக்கு ஒதுக்கியது 12 பிட். 0-ம் 4095-ம் ஒதுக்கப்பட்டவை, 1 முதல் 4094 வரை நமக்கு. சிஸ்கோவில் 1002 முதல் 1005 வரையும் தொட வேண்டாம், பழைய டோக்கன் ரிங், எஃப்டிடிஐக்கு வைத்தவை.

கேமராக்கள்: என்விஆரும் கேமராக்களும் ஒரே விலேனில் இருப்பது சரியான முடிவு. என்விஆர் கேமராக்களைத் தேடுவது 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு யூடிபி 3702-ல். அது விலேனைத் தாண்டாது. வேறு விலேனில் வைத்தால் ஒவ்வொரு கேமராவையும் ஐபி அடித்துத்தான் சேர்க்க முடியும். வீடியோவும் சுவிட்ச்சுக்குள்ளேயே முடிந்துவிடும்; கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் பத்துக்கு 40 எம்பிபிஎஸ் ரவுட்டர் வழியே போய்த் திரும்பத் தேவையில்லை.

இனி முக்கியமானது. விலேன் பிரித்ததால் பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று விலேனும் ஒரே ரவுட்டரில் முடிகின்றன. தனக்கு நேராகத் தெரிந்த நெட்வொர்க்குகளுக்கு இடையே பாக்கெட்டைக் கடத்துவதுதான் ரவுட்டரின் வேலை. மைக்ரோடிக்கின் தொடக்க ஃபயர்வால் இணையத்திலிருந்து வருவதைத்தான் தடுக்கும். கெஸ்ட் வைஃபையில் இருப்பவர் 192.168.20.x என்று அடித்தால் என்விஆரின் லாகின் பக்கம் அப்படியே திறக்கும். ஃபார்வர்ட் செயினில் (ரவுட்டர் வழியே கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான விதிகள்), ஏற்கெனவே உள்ள எஸ்டாப்ளிஷ்டு (முன்பே தொடங்கிய இணைப்பை விடும்) விதிக்குக் கீழே இந்த வரிசையில் எழுதுங்கள்: விலேன் 10-லிருந்து என்விஆரின் ஒரே ஐபிக்கு அனுமதி, விலேன் 30-லிருந்து இணையம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தடை, விலேன் 20-லிருந்து எல்லாவற்றுக்கும் தடை, விலேன் 10-லிருந்து விலேன் 20-க்குத் தடை. கேமராவுக்கு நேரம் சரியாக ஓட வேண்டும், அதை என்விஆரிடமிருந்தே எடுக்க வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பதிவின் மேல் தேதி தவறாக விழும்.

பேட்ச்கார்டு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பிவிஐடி எல்லாம் 1-ல்தான் இருந்தது. மாற்றியதும் கீழே 10.x, கேமரா போர்ட்டில் 20.x வந்துவிட்டது, என்விஆரில் பத்து கேமராவும் தெரிகின்றன. மாடியில் "ஆட்" விட்டுப்போனது உண்மை, விலேன் 30-ம் உருவாக்கப்படவில்லை. இரண்டும் சரி.

இப்போது புதிதாக ஒன்று. விலேன் 10, 30 இரண்டிலும் முகவரி வருகிறது, 8.8.8.8-க்கு பிங் போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. மாடியில் நேற்று ஐபி வந்ததை மட்டும்தான் பார்த்திருந்தேன். அடுத்து, விலேன் 99-க்கு மாறும்போது வெளியே பூட்டிக்கொள்ளாமல் எப்படிச் செய்வது? மாடிக் கணினிகளில் கேபிள் செருகி அரை நிமிடம் கழித்துத்தான் ஐபி வருகிறது, அது இயல்பா?

ராக்யூனிட் பதில்:

பிங் போகிறது, பெயர் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றுவது). டிஹெச்சிபி கொடுக்கும் டிஎன்எஸ் முகவரி 192.168.10.1, அதாவது ரவுட்டரே. மைக்ரோடிக்கின் இன்புட் செயினில் (ரவுட்டருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான விதிகள்) கடைசி விதி, லேன் என்ற இன்டர்ஃபேஸ் லிஸ்ட்டிலிருந்து வராத எதையும் தள்ளிவிடும். அந்த லிஸ்ட்டில் பிரிட்ஜ் மட்டும் இருக்கிறது. நீங்கள் புதிதாகப் போட்ட விலேன் இன்டர்ஃபேஸ்கள் இல்லை. டிஹெச்சிபி இந்த விதியில் மாட்டாமல் போவதால்தான் முகவரி வந்து குழப்புகிறது.

விலேன் 10-ஐ லேன் லிஸ்ட்டில் சேருங்கள். விலேன் 30-ஐச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கெஸ்ட் வைஃபையிலிருந்து ரவுட்டரின் லாகின் பக்கமும் திறக்கும். 30-க்கு, அந்தக் கடைசி விதிக்கு மேலே, யூடிபி 53, டிசிபி 53 இரண்டை மட்டும் அனுமதியுங்கள்.

ரவுட்டரில் போர்ட் 1-க்கு வரும் ஈதர்நெட் போர்ட் பிரிட்ஜுக்குள் இருக்கும் வரை விலேன் இன்டர்ஃபேஸ் பிரிட்ஜ் மேலேதான் இருக்க வேண்டும், நீங்கள் வைத்திருப்பது சரி. யாராவது சொன்னார்கள் என்று அதை அந்த ஈதர்நெட் போர்ட்டுக்கு மாற்றாதீர்கள். பிரிட்ஜில் அடிமையாக உள்ள போர்ட்டின் மேல் வைத்த விலேனில் டிஹெச்சிபி சரியாக ஓடாது.

நீலவயர் பதில்:

99-க்கு மாறுறது வரிசை தப்பாம செய்யணும். ரவுட்டர்ல விலேன் 99, 192.168.99.1 போட்டு, அதையும் லேன் லிஸ்ட்ல சேருங்க. கீழ் சுவிட்ச்ல விலேன் 99 உருவாக்கி 1, 24 ரெண்டுலயும் டேக்டு. காலியா இருக்கிற போர்ட் 23-ஐ 99-ல அன்டேக்டு, பிவிஐடி 99. இது உங்க அவசர வாசல், ராக்ல லேபிள் ஒட்டி வைங்க. லேப்டாப்பை 23-ல செருகி 99.1-க்கு பிங் வருதான்னு பாருங்க. வந்த பிறகுதான் சுவிட்ச்சோட மேனேஜ்மென்ட் விலேனை 99-க்கும், ஐபியை 99.2-க்கும் மாத்தணும். ரெண்டும் தனித்தனிப் பக்கமா இருந்தா நடுவுல இணைப்பு போகும். அப்ப லேப்டாப்புக்கு பழைய வரிசையில ஒரு ஐபி கையால போட்டு 23 வழியாவே உள்ள போகலாம்.

அதுவரைக்கும் சேவ் அழுத்தாதீங்க. பல ஸ்மார்ட் சுவிட்ச்ல அப்ளை வேற, சேவ் வேற. மாட்டிக்கிட்டா பவரைப் பிடுங்கி மறுபடி போட்டா பழைய செட்டிங்குக்கே வந்துடும். எல்லாம் சரின்னு தெரிஞ்சதும் மறக்காம சேவ் பண்ணுங்க. இல்லேன்னா ஒரு கரண்ட் கட்டுல இவ்வளவு வேலையும் போயிடும்.

கன்சோல்9600 பதில்:

சிஸ்கோவில் இதற்கு இணையானது "ரீலோட் இன் 10". மாற்றத்தைத் தொடங்கும் முன் அடியுங்கள். கான்ஃபிக்கைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் அதுவே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வரும். எல்லாம் சரியென்றால் "ரீலோட் கேன்சல்", பிறகு "ரைட் மெமரி". இன்டர்ஃபேஸ் விலேன் 99-க்கு 192.168.99.3, டீஃபால்ட் கேட்வே 192.168.99.1. அந்த இன்டர்ஃபேஸ் எழவில்லை என்றால் விலேன் 99 உருவாகியிருக்கிறதா, டிரங்க்கில் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டைப் பாருங்கள். வேறு காரணம் அபூர்வம்.

அரை நிமிடத் தாமதம் ஸ்பானிங் ட்ரீ. போர்ட் எழுந்ததும் லிசனிங் 15 நொடி, லேர்னிங் 15 நொடி. அதற்குப் பிறகுதான் ஃபிரேம் போகும். போர்ட் விளக்கு 30 நொடி ஆரஞ்சில் நின்று பச்சைக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபாஸ்ட் 0/1 முதல் 12 வரை "ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்", கூடவே "பிபிடியுகார்ட் எனேபிள்" போடுங்கள். யாராவது அந்த போர்ட்டில் இன்னொரு சுவிட்ச்சைச் செருகி லூப் ஆக்கினால் போர்ட் தானே மூடிக்கொள்ளும். ஆக்சஸ் பாயிண்ட் உள்ள 0/20 டிரங்க் என்பதால் அங்கே "போர்ட்ஃபாஸ்ட் டிரங்க்" என்று எழுத வேண்டும். கீழே போகும் கிக் 0/1-ல் இரண்டையும் போடாதீர்கள்.